ரோடு நல்லா இருந்ததால கவுந்தோம்

காலர் போன், அதாவது கழுத்துக்குக் கீழ இருக்கிற தோள் எலும்பு, உடைஞ்சவங்களுக்குத்தான் தெரியும், தும்மல் வர்ற மாதிரி இருந்தா எவ்ளோ பயமா இருக்கும்னு. மே மாசம் நடந்தது. ஆறு வாரம் வலது கைய கழுத்துல கட்டித் தொங்க விட்டுக்கிட்டு வீட்டுல உக்காந்திருந்தேன். நமக்கு சேலத்துல கொலுசுப் பட்டறை வேலை, வலது கை இல்லாம வெள்ளிய சூடு வெச்சு ஒட்டவும் முடியாது, சலங்கை கோக்கவும் முடியாது, சும்மா பட்டறைக்குப் போய் உக்காந்தா பசங்க "அண்ணா அந்தக் கதைய இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னு ஓட்டுறானுங்க. சரி, பத்து தடவ சொன்னத ஒரு தடவ முழுசா எழுதிடுவோம்னுதான் இது. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க, ஆனா மலையில தோட்டம் வெச்சிருக்கவங்க, லீவுக்கு சொந்தக்காரங்க எஸ்டேட்டுக்குப் போய் ஏடிவிங்கற அந்த நாலு சக்கர பைக்க "ஒரு ரவுண்டு"ன்னு எடுக்கிறவங்க மட்டும் கொஞ்சம் பொறுமையா படிங்க.

அக்கா வீடு ஏற்காட்டுல, டவுனத் தாண்டி நாகலூர் போற பக்கம். மச்சானுக்கு ஏழு ஏக்கர் காப்பித் தோட்டம், நடுநடுவுல சில்வர் ஓக், அதுல மிளகுக் கொடி, ஓரத்துல நாலஞ்சு பலா மரம். தோட்டம் ஒரே துண்டா கிடையாது, ஊர் ரோடு நடுவுல வெட்டிக்கிட்டுப் போகும், மேல நாலு ஏக்கர் கீழ மூணு ஏக்கர். இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ரிசார்ட்டுல டூரிஸ்ட்டுங்க ஓட்டுறதுக்கு வெச்சிருந்த ஏடிவிய விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு மச்சான் போய் வாங்கிட்டு வந்துட்டாரு. 250 சிசி, கியர் மாத்தற வேலை இல்ல, ஆக்சிலேட்டர் கட்டை விரல்ல அமுக்கறது, ரிவர்ஸ் கூட உண்டு. ஆளுங்க அத நாலு சக்கர பைக்குனு சொல்வாங்க, மேஸ்திரி அண்ணன் மட்டும் "தவளை"ன்னு பேர் வெச்சிட்டாரு. பின்னாடி இருந்து பாத்தா கால மடக்கி உக்காந்த தவளை மாதிரிதான் இருக்கும்.

தோட்டத்துக்குள்ள அந்த வண்டி தங்கம், அதுல எனக்கு இன்னைக்கும் மாத்துக் கருத்து இல்ல. ஜீப்பு நுழையாத சந்துல போகும், மழை பேஞ்சு சருகு ஊறிக் கிடக்கிற சரிவுல பைக்கு வழுக்கும், இது ஏறும். நவம்பர்ல இருந்து பழம் எடுக்கிற சீசன்ல மூட்டைய தலையில வெச்சு, காப்பிப் பழத்துல தோல உரிக்கிற பல்பர் மெஷின் வரைக்கும் தூக்கி வந்த பொம்பளைங்களக் கேட்டா அந்தத் தவளைக்குக் கற்பூரமே காட்டுவாங்க. அந்த மரியாதையிலதான் நாங்க ஏமாந்தோம். காட்டுக்குள்ளயே இவ்ளோ நல்லா போகுதே, ரோட்டுல போகாதான்னு. ரோடுங்கறது சுலபமான இடம், காடுதான் கஷ்டமான இடம்னு எல்லார் மனசுலயும் ஒரு கணக்கு இருக்குல்ல, அந்தக் கணக்கு இந்த வண்டிக்கு அப்படியே தலைகீழ்.

கேட்டுல இருந்து கடைக்கு ஒண்ணேகால் கிலோமீட்டர் இருக்கும். பழைய ரோடு எப்படின்னா, ஜல்லி பேந்து, ஓரத்துல இருந்து மண்ணு வழிஞ்சு மேல மூடி, ரோடா ஓடையான்னு தெரியாத ரோடு. அதுல ரெண்டு வருஷம் மச்சான் ஓட்டினாரு, நான் போகும்போதெல்லாம் ஓட்டினேன், மேஸ்திரி அண்ணன் ஓட்டினாரு, ஒண்ணுமே ஆகல. இந்த மார்ச்சுல புதுசா தார் போட்டாங்க. அடேங்கப்பா, ஊரே போய் நின்னு பாத்துச்சு, பசங்க அதுல ஸ்கேட்டிங் பண்ணாத குறை. வாழை இலை மாதிரி வழவழன்னு கருப்பா. அந்த ரோட்டுலதான் கவுந்தோம். ரோடு மோசமா இருந்ததால இல்ல, நல்லா இருந்ததால. இது எனக்குப் புரியறதுக்கே ஒரு மாசம் ஆச்சு.

அன்னைக்கு சாயங்காலம் நாலு மணி. அக்கா பஜ்ஜிக்கு உருளைக்கிழங்கு சீவி வெச்சிட்டு, கடலை மாவு பத்தலன்னு சொல்லுச்சு. மச்சானோட பைக்கு வாசல்லயே நின்னுச்சு, ஆனா சாவி அவரு சட்டைப் பையில, அவரு நல்ல தூக்கத்துல. தவளைக்கு சாவி எப்பவும் வண்டியிலயே தொங்கும். கிளப்பிட்டேன். அக்கா பையன், பன்னெண்டு வயசு, "மாமா நானும்"னு ஓடி வந்து பின்னாடி ஏறிக்கிட்டான். அக்கா சமையல்கட்டுல இருந்தே "ஹெல்மெட் போடாம போனா கால ஒடிப்பேன்"னு கத்துச்சு. என்கிட்ட இருந்தது ஒரே ஹெல்மெட், சேலத்துல இருந்து நான் போட்டுட்டு வந்தது. பையனுக்குப் பெருசுதான், ஆனாலும் உள்ள ஒரு துண்ட மடிச்சு வெச்சு வார இறுக்கி மாட்டிவிட்டேன். (துண்டு வெக்கிறது தப்புன்னு இப்போ தெரியும், தலைக்கு சரியான சைஸ்தான் இருக்கணும், ஆனா அன்னைக்கு அந்தத் துண்டு வெச்ச ஹெல்மெட்டுதான் அவன் தலையக் காப்பாத்துச்சு.) எனக்கு ஹெல்மெட் இல்ல. கடை வரைக்கும்தானே.

இறக்கத்துல போறோம். ஒரு பெரிய பலா மரம், அதை ஒட்டி ரோடு இடது பக்கம் வளையும். ஸ்பீடா போனேனான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்வேன், மீட்டர் வேலை செய்யாது, உத்தேசமா 35 இருக்கும். பழைய ரோட்டுல இதே வளைவ இதே வேகத்துல நூறு தடவ திருப்பியிருக்கேன். ஹேண்டில இடது பக்கம் திருப்பினேன். வண்டி திரும்பல. ஹேண்டில் திரும்புது, முன் சக்கரம் திரும்புது, வண்டி மட்டும் பின்னாடி இருந்து யாரோ தள்ளுற மாதிரி நேரா வலது பக்கம் போகுது. எதுத்தாப்புல ஒரு சின்ன யானை, அதான் டாடா ஏஸ் வண்டி, ஹாலோ பிளாக் லோடு ஏத்திக்கிட்டு முக்கி முக்கி ஏறி வருது. நான் பயத்துல ஹேண்டில இன்னும் வெடுக்குனு இழுத்தேன். அப்ப பிடிச்சுது பாருங்க டயரு. அது வரைக்கும் திரும்ப மாட்டேன்னு சொன்ன வண்டி திடீர்னு ஆணி அடிச்ச மாதிரி ரோட்டக் கவ்வுச்சு, இடது பக்க ரெண்டு சக்கரமும் மேல எழும்புச்சு, பையன் என் இடுப்பப் பிடிச்சிருந்த கை இறுகினது தெரிஞ்சுது, அப்புறம் தார் வாசனை. புது தார் வெயில்ல ஒரு வாசனை வருமே, அது மூக்குக்குப் பக்கத்துல.

சின்ன யானை நாலடி தள்ளி நின்னுடுச்சு. ஏறுற வண்டி, கனமான லோடு, முதல் கியர், அதனால நின்னுச்சு. இறங்குற வண்டியா இருந்தா இத எழுத நான் இருந்திருக்க மாட்டேன். டிரைவர் தம்பிக்கு இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், ஓடி வந்து "அண்ணா பையனப் பாருங்கண்ணா, பையனப் பாருங்கண்ணா"ன்னு சொல்றான், அவனுக்கு என்னை விட நடுக்கம். பையன் எழுந்து உக்காந்து இடது கையப் பிடிச்சிக்கிட்டு, அழுகாம, "மாமா வண்டி இன்னும் ஓடிட்டிருக்கு"ன்னான். ஆமா, தவளை வலது பக்கமா சாஞ்சு படுத்துக்கிட்டு இஞ்சின் ஓடுது, பின் சக்கரம் சுத்துது, சைலன்சர் என் கெண்டைக்கால்ல. அந்தத் தழும்பு இன்னும் இருக்கு, கொய்யா இலை சைஸ்ல. ஹேண்டில்ல சிவப்பு சுவிட்ச் ஒண்ணு உண்டு, அமுக்கினா இஞ்சின் நிக்கும், பல வண்டியில அதோட ஒரு கயிறும் வரும், கயித்த நம்ம கையில மாட்டிக்கிட்டா நாம விழுந்த உடனே இஞ்சின் தானா நின்னுடும். எங்க வண்டியில கயிறு மாட்டற இடம் இருந்துச்சு, கயிறு எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. இருநூறு கிலோவுக்கு மேல இருக்கிற வண்டி அது. எங்க மேல உருளாம பக்கத்துல படுத்தது எங்க அப்பத்தா செஞ்ச புண்ணியம்.

108க்கு போன் பண்ணலாம்னா டவர் இல்ல, அந்த தம்பிதான் மேட்டு மேல ஓடிப் போய் பண்ணிட்டு வந்தான். வந்து மெதுவா கேக்குறான், "அண்ணா எம்மேல கேஸ் வருமாண்ணா". இடிக்கவே இல்லாதவனுக்கு அந்தப் பயம். அடிபட்டவங்களுக்கு உதவி பண்றவங்கள பேர் சொல்லுங்க, ஸ்டேஷனுக்கு வாங்கன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏன்னு தனிப் பிரிவே சேத்திருக்காங்க, இது அந்தத் தம்பிக்கும் தெரியல எனக்கும் தெரியல.

ஏற்காடு ஆஸ்பத்திரியில முதலுதவி பண்ணி, எக்ஸ்ரேக்கும் மத்ததுக்கும் சேலம் போகச் சொல்லிட்டாங்க. அடிவாரம் வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு. சின்ன வயசுல பஸ்ல போகும்போது ஒவ்வொண்ணா எண்ணி விளையாடுவோம், அன்னைக்குப் படுத்துக்கிட்டு எண்ணினேன், ஒவ்வொரு வளைவுலயும் உடைஞ்ச எலும்பு ரெண்டும் ஒண்ண ஒண்ணு உரசுறது காதுல கேக்குற மாதிரி இருக்கும். பையனுக்கு மணிக்கட்டுல விரிசல், மாவுக் கட்டு. எனக்கு காலர் போன், நெத்தியில ஏழு தையல், கால்ல சூடு. விபத்துல அடிபட்டா முதல் 48 மணி நேரம் இலவசமா பாக்குற "நம்மைக் காக்கும் 48"னு அரசுத் திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, எந்த ஊர்க்காரரா இருந்தாலும் பாப்பாங்க, பட்டியல்ல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. பக்கத்துல எது அந்தப் பட்டியல்ல இருக்குன்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க, அடிபட்டு ரத்தம் வழியும்போது விசாரிக்க முடியாது.

அங்க ஏஆர், அதாவது விபத்து விவரம் பதியற ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர், எழுதும்போதுதான் அடுத்த இடி. "எந்த வண்டி?" ஏடிவி. "நம்பர்?" இல்ல. எழுதிட்டிருந்தவரு பேனாவ நிறுத்திட்டு நிமிர்ந்து என்னைப் பாத்தாரு பாருங்க, அந்தப் பார்வை காலர் போன விட வலிச்சுது.

நம்பர் இல்லாதது ஏதோ பேப்பர் விஷயம்னு நாங்க நினைச்சிட்டிருந்தோம். அப்படி இல்ல. வளாகத்துக்குள்ள மட்டும் ஓடுறதுக்குன்னு செஞ்ச வண்டி மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வெளிய நிக்கும், சரி. ஆனா கேட்டத் தாண்டி ரோட்டுல சக்கரம் பட்ட நிமிஷம் ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வேணும், லைசென்ஸ் வேணும். மேஸ்திரி அண்ணன் "இது எஸ்டேட் ரோடு தானே தம்பி"ம்பாரு. யாரு போட்ட ரோடுங்கறது முக்கியமில்ல, பொதுஜனம் போக உரிமை இருந்தா அது பொது இடம், சட்டத்துல அப்படித்தான் இருக்கு. ரிஜிஸ்டர் பண்ணிக்கலாமேன்னா, இந்த மாதிரி காட்டுக்குன்னே விக்கிற வண்டிக்கு ரோட்டுல ஓட்டற அப்ரூவலே கிடையாது, அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ்ல எதக் காட்டி நம்பர் வாங்குறது. நம்பர் இல்லன்னா இன்சூரன்ஸ் இல்ல. ஃபைன் அஞ்சாயிரம் ரெண்டாயிரம்னு கட்டிட்டுப் போயிடலாம்னு நினைக்காதீங்க, அன்னைக்கு அந்த சின்ன யானைக்குப் பதிலா ரோட்டோரமா விறகு தூக்கிட்டு வந்த ஒரு ஆயா இருந்திருந்தா, நஷ்ட ஈடு மொத்தமும் மச்சான் கையில இருந்துதான் போகணும், ஏழு ஏக்கரும் போயிருக்கும். என் பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கே, அதுல எனக்குன்னு பர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கேன்னு கேட்டுப் பாத்தேன், "அந்த பைக்க ஓட்டி விழுந்தீங்களா சார்"னு ஒரே கேள்வி. போனை வெச்சிட்டேன்.

இன்னொண்ணு. பக்கத்துத் தோட்டத்துல ஒம்பதாவது படிக்கிற பையனே ரோட்டுல ஏடிவி ஓட்டுறான், அவங்க அப்பா பெருமையா வீடியோ எடுக்கிறாரு. பதினெட்டு ஆகாத பசங்க ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா பெத்தவங்களோ வண்டி ஓனரோதான் குத்தவாளி, 199ஏ பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம். அவருகிட்ட சொன்னேன். "மலையில யாருங்க பாக்கப் போறா"ன்னாரு. வளைவுக்கு அந்தப் பக்கம் வர்ற பஸ்ஸும்தான் பாக்காது.

சரி, வண்டி ஏன் திரும்பல? இதுக்கு பதில் சொன்னது இந்த வண்டிய ரிப்பேர் பாக்கிற ஒருத்தரு, சேலத்துல இருந்து மலைக்கு வந்தாரு. நான் "பிரேக் ஃபெயிலியரா, ஸ்டியரிங் ஜாமா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன், அவரு பதில் சொல்லாம பின்பக்கத்த ஜாக்கில தூக்கினாரு, "அண்ணே அந்த வலது சக்கரத்த கையால சுத்துங்க"ன்னாரு. இடது கையால சுத்தினேன். இடது சக்கரமும் கூடவே அதே பக்கம் சுத்துது. "ஒரு பழைய ஆம்னி வேன இதே மாதிரி தூக்கி, கியர்ல போட்டுட்டு ஒரு சக்கரத்தச் சுத்துங்க, இன்னொண்ணு எதிர்ப்பக்கம் சுத்தும். அதுக்கு நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கு. இதுல கிடையாது, ரெண்டு சக்கரமும் ஒரே ராடு." அவ்ளோதான் விஷயம். எந்த வண்டி வளைஞ்சாலும் வெளிப்பக்க சக்கரம் அதிக தூரம் போகணும், உள்பக்க சக்கரம் கம்மி தூரம். கார்ல ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்தும். இதுல முடியாது, ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கினாதான் வண்டி திரும்பும். மண்ணுல, சேத்துல, சருகுல அது தானா வழுக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. தார்ல வழுக்காது. வழுக்காதுன்னா திரும்பாது, நேரா போகும். பசங்க பொம்மைக் கார்ல பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே கம்பியில மாட்டியிருக்கும், அத சிமெண்ட் தரையில வளைச்சுத் தள்ளிப் பாருங்க, கையில தெரியும்.

எல்லா ஏடிவியும் இப்படி இல்ல, பெரிய மாடல்ல சிலதுல டிஃபரன்ஷியல் உண்டுன்னு அவரே சொன்னாரு. ஆனா உயரம் உயரம்தான், ரெண்டு பக்க சக்கரத்துக்கு நடுவுல அகலம் கம்மிதான். காட்டுல கல்லு மேல இடிக்கக் கூடாதுன்னு தூக்கிக் கட்டின வண்டி, அந்த உயரமே ரோட்டு வளைவுல கவுக்கும். பழைய ஜல்லி ரோட்டுல சறுக்கிச் சறுக்கி எங்களக் காப்பாத்திட்டிருந்தது அந்த மண்ணும் குழியும்தான். ரோட்ட சரி பண்ணதும் அந்தப் பாதுகாப்பு போச்சு.

அப்புறம் டயர். இது முழுக்க என் தப்பு. பலூன் மாதிரி தொளதொளன்னு இருக்கேன்னு பங்க்சர் கடையில காத்தடிச்சேன், 22 வெச்சாரு. அந்த டயருக்கு வெக்க வேண்டியது அஞ்சு பிஎஸ்ஐ. கார் கேஜுல அஞ்சுங்கறது சரியா காட்டவே காட்டாது, இதுக்குன்னு சின்ன கேஜு தனியா வாங்கணும். அளவுக்கு மேல அடிச்சா டயரு பந்து மாதிரி குதிக்கும், நடுப்பட்டை மட்டும் ரோட்டுல படும். சரி அஞ்சுலயே ரோட்டுல ஓட்டலாமான்னா, அப்போ டயரோட பக்கவாட்டுச் சதை மடங்கி வளைவுல வண்டி ஆடும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. ரோட்டுக்குச் சரியான காத்துன்னு அந்த டயருக்கு ஒரு நம்பரே இல்ல. டயர் ஓரத்த ஈரத்துணியால தொடச்சுப் பாத்தா ரோட்டு உபயோகத்துக்கு இல்லன்னு ரப்பர்லயே அச்சு வாத்திருக்கான். ரெண்டு வருஷமா அத மிதிச்சுத்தான் ஏறியிருக்கோம்.

சீட்டு விஷயத்தக் கேட்டப்பதான் வயித்த என்னமோ பண்ணுச்சு. அவ்ளோ நீளமா சீட்டு இருக்கே, ரெண்டு பேருக்குத்தானேன்னு நாம நினைப்போம். ரெண்டு பேருக்கு இல்ல. வளைவுல ஓட்டறவன் உள்பக்கமா நகந்து சாயணும், ஏத்தத்துல முன்னாடி நகரணும், இறக்கத்துல பின்னாடி நகரணும், ஒரே ஆள் நகர்றதுக்காகத்தான் அந்த நீளம். ஒடம்ப நகத்தறதும் இந்த வண்டிக்கு ஸ்டியரிங்ல பாதி. பின்னாடி ஒரு புள்ள இடுப்பக் கட்டிப் பிடிச்சிருந்தா எங்க நகர்றது. அதோட அவன் வெயிட்டு பின்னாடி உக்காந்து முன் சக்கரம் லேசாகி, திரும்பாத வண்டி இன்னும் திரும்பாது. ரெண்டு பேருக்குன்னே செஞ்ச மாடல் தனியா நீளமா வரும், சாதாரணமா நம்ம ஊர்ல தோட்டத்துல நிக்கிறது ஒத்த ஆள் வண்டி.

மட்கார்டு மேல மச்சான் ஒரு திருஷ்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாரு, நாக்கத் தொங்கப் போட்ட பூசணிக்காய் மூஞ்சி. கவுந்ததுல அது பாதி கிழிஞ்சு தொங்குச்சு, ரிப்பேர்காரரு மிச்சத்த உரிச்சு எடுத்தா அடியில கம்பெனி ஒட்டின எச்சரிக்கை, படம் போட்டு: ரோட்டுல ஓட்டாதே, பின்னாடி ஆள் ஏத்தாதே, ஹெல்மெட் இல்லாம ஓட்டாதே, 16 வயசுக்குள்ள இருக்கவங்க ஓட்டக் கூடாது. அன்னைக்கு நான் பண்ணது வரிசையா முதல் மூணும். மச்சான் எதுவும் பேசல, உள்ள போயிட்டாரு.

படுத்துக் கிடந்த ஆறு வாரத்துல போன்ல தேடித் தேடிப் படிச்சேன். இந்த வண்டி ரொம்ப வருஷமா கிராமம் கிராமமா ஓடுற நாடு அமெரிக்கா. அங்க முதல்ல மூணு சக்கரத்துல வித்தாங்க, சாவு கூடிப் போய் அரசாங்கம் கோர்ட்டுக்குப் போனதுல 1988ல கம்பெனிங்க அந்த விற்பனைய நிறுத்த ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் நாலு சக்கரம்தான். நாலு சக்கரம் வந்தும் ஏடிவியில சாகறவங்கள்ல பாதிக்கு மேல காட்டுல சாகல, ரோட்டுலதான் சாகறாங்கன்னு அங்க ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. என்னை ரொம்ப யோசிக்க வெச்சது என்னன்னா, வண்டிய செஞ்சு விக்கிற கம்பெனிங்களோட சங்கமே ரோட்டுல ஓட்ட அனுமதி குடுக்காதீங்கன்னு சொல்லுது. சரக்கு விக்கிறவனே இங்க கொண்டு போகாதன்னு சொன்னா அதுல ஏதோ இருக்கும்ல. அங்கயும் நம்மள மாதிரிதான், தோட்டத்துக்கு வாங்கறது, அப்புறம் கடைக்கு, அப்புறம் பக்கத்து வீட்டுக்கு.

ஏற்காட்டு ரோட்டப் பத்தி ஒரு வார்த்தை. லூப் ரோடு 32 கிலோமீட்டர், முக்காவாசி ரெண்டு பக்கமும் எஸ்டேட்டு, வளைவுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது, அதனால ஹாரன் அடிச்சுத்தான் திரும்புவோம். தவளைக்கு ஹாரன் இல்ல, இண்டிகேட்டர் இல்ல, கண்ணாடி இல்ல, உயரம் காப்பிச் செடிய விடக் கம்மி. சனி ஞாயிறுல பெங்களூர் வண்டிங்க வளைவுல பாதி ரோட்டத் தாண்டித்தான் வரும். சாயங்காலம் பனி இறங்கிடுச்சுன்னா, காட்டெருமை நின்னாலே கிட்ட போற வரைக்கும் தெரியாது, இந்த வண்டி எங்க தெரியப் போகுது. ஜீப்பு வெச்சிருக்கவங்களும் சிரிக்காதீங்க, தேவையில்லாம 4எச்ல, அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற நிலையில, போட்டுட்டே காஞ்ச தார் ரோட்டுல கொண்டை ஊசி திருப்பறவங்க இருக்காங்க, பழைய டைப் ஃபோர் வீல் டிரைவுல முன்னாடியும் பின்னாடியும் பூட்டிக்கிட்டு இதே கூத்துதான், ஸ்டியரிங் இழுக்கும். தாருக்கு வந்ததும் ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற 2எச்சுக்கு மாத்துங்க.

தவளைய வித்துடலாம்னு மச்சான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன், வாங்கறவன் எங்க ஓட்டுவானோ. இப்போ கேட்டுல சங்கிலி. ஆனா தோட்டம் ரெண்டு துண்டா இருக்கே, மேல இருந்து கீழ போக ரோட்டக் கடந்துதான் ஆகணும். முன்னாடி கேட்டுக்கு கேட்டு எண்பதடி ரோட்டுலயே போவோம். இப்போ மேல் கேட்டுக்கு நேர் எதிர்லயே கீழ ஒரு புது கேட்டு வெச்சிட்டோம், செலவு பதினோராயிரம். மேஸ்திரி அண்ணன் முன்னாடி இறங்கி ரெண்டு பக்கமும் பாத்து சிவப்புத் துண்ட ஆட்டுவாரு, வண்டிய முழுசா நிறுத்தி, நேரா, வளைக்காம, நடக்கிற வேகத்துல தள்ளின மாதிரி கடக்கறது. பின்னாடி ஆள் கிடையாது. பனி இருந்தா கடக்கறதே கிடையாது. ரெண்டு ஹெல்மெட் வாங்கி வண்டியிலயே மாட்டியாச்சு, சாவி இப்போ அக்கா கிட்ட, சாமி ரூம்ல. கயிறும் வாங்கிட்டோம். கடைக்கு பைக்கு, இல்லன்னா நடை.

பையன் போட்டிருந்த அந்த ஹெல்மெட்ட அக்கா தூக்கிப் போடல. வலது பக்கம் காதுக்கு மேல உள்ளங்கை அகலத்துக்கு தேஞ்சு, உள்ள வெள்ளை தெர்மாக்கோல் தெரியுது. ஒரு தடவ அடி வாங்கின ஹெல்மெட்ட திருப்பிப் போடக் கூடாதுன்னு சொன்னேன், "போடறதுக்கு இல்ல"ன்னு ஃபிரிட்ஜ் மேல வெச்சிருக்கு. என்னை அக்கா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா பரவால்ல.

போன வாரம் பையனுக்குக் கட்டு பிரிச்சாங்க. கை மெலிஞ்சு சோப்புத் துண்டு மாதிரி வெளுத்திருந்துச்சு. மெதுவா பக்கத்துல வந்து, "மாமா, ரோட்டுக்கு வேணாம், காட்டுக்குள்ள மட்டும், நானே ஓட்டறேன், தனியா"ன்னான். 90 சிசிக்கு மேல இருக்கிற வண்டிக்கு 16 வயசு ஆகணும்டா மாப்ள, நம்மளது 250னு சொன்னேன். கட்டு பிரிச்ச கையிலயே ஒவ்வொரு விரலா மடக்கி எண்ணிட்டு, "அப்போ நான் ப்ளஸ் ஒன்னா மாமா?"ன்னு கேட்டான். விரலு நல்லா மடங்குது.